புதிய கதாபாத்திரம் குழுவோடு ஒட்டவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை விளையாட்டில்) கதாபாத்திரங்கள் சாகும், ஓய்வு பெறும். சில நேரம் ஆட்டக்காரருக்கே அலுத்துப்போய் வேறொன்று கேட்பார். காரணம் எதுவானாலும் அடுத்த அமர்வில் ஒரு புதியவர் குழுவுக்குள் வந்தாக வேண்டும். அந்த நுழைவை எப்படி அமர்க்களமாக நடத்துவது என்றுதான் கதையை நடத்தும் கேம் மாஸ்டர்கள் பெரும்பாலும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை நுழைவுக் காட்சி சப்பென்று இருந்ததால் கெட்டுப்போன ஆட்டம் ஒன்றுகூட இல்லை. வந்தவருக்குக் கதையில் பிடிமானம் கிடைக்காமல் கெட்டுப்போனவை ஏராளம். குழுவில் ஒருவரோடாவது பழைய உறவு, நடந்துகொண்டிருக்கும் வேலையில் சொந்தக் காரணம், மற்றவர்களிடம் இல்லாத ஒரு தகவல் அல்லது பொருள்: இவற்றில் இரண்டு இருந்தால் அவர் கதவைத் தட்டிக்கொண்டு வந்தாலும் போதும், வானத்திலிருந்து குதித்தாலும் போதும்.

கீழே உங்கள் மேசையில் தெரியும் அறிகுறியைத் தேடி, அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். எண்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. வேறு விளையாட்டில் நிலைமை மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எதற்கும் முன்னால்: இறந்தவர் உண்மையிலேயே போய்விட்டாரா?

புதிய பாத்திரத் தாளை (கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளை) எடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஐந்தாம் பதிப்பில் ரிவிவிஃபை என்ற உயிர்ப்பிக்கும் மந்திரம் இறந்து ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். 300 தங்கக் காசு மதிப்புள்ள வைரங்கள் செலவாகும். ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 10 நாள் அவகாசம் உண்டு, வைரம் 500 தங்கக் காசு. அதில் திரும்பி வருபவர் இருபதுபக்கப் பகடை உருட்டும்போதெல்லாம் 4 குறையும். ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் அந்தக் குறை ஒன்று ஒன்றாகத் தேயும். குழுவிடம் இந்தப் பணமும் நேரமும் இருந்தால், முடிவு ஆட்டக்காரருடையது. அவரைத் தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் "பரவாயில்லை, புதிதாகவே செய்துகொள்கிறேன்" என்றுதான் யாரும் சொல்வார்கள். இதைக் கேட்காமல் விட்டு, மூன்றாவது அமர்வில் குழு ஒரு கோயிலைக் கண்டுபிடித்துப் பழையவரை எழுப்பிவிட்டால், ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடும் நிலை வரும்.

"ஆட்டக்காரர் நெடுநேரமாகக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்"

உயிருக்குப் போராடியபோது ஒவ்வொரு சுற்றிலும் டெத் சேவ் (பிழைப்பாரா என்று பார்க்கும் பகடை) உருட்டும் வேலையாவது அவருக்கு இருந்தது. மூன்றாவது தோல்விக்குப் பிறகு அதுவும் போய்விட்டது. "சரியான இடம் வரட்டும், கொண்டுவருகிறேன்" என்று கேம் மாஸ்டர் காத்திருப்பார். சரியான இடம் அந்த அமர்வில் வராது.

அன்றைக்கே செய்யக்கூடியது: குழுவோடு இருக்கும் வழிகாட்டியையோ கூலிக்காரரையோ உடனே அவர் கையில் கொடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் எதிரிகளில் ஒருவரை நடத்தச் சொல்லுங்கள். நண்பர்களை அடிக்க வாய்ப்புக் கிடைத்தால் முகம் மலராத ஆட்டக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

புதிய பாத்திரம் தயாராக இருந்து, குழு பாதாளக் கோட்டையின் நடுவில் சிக்கியிருந்தால் எல்லோரும் கைதியைத்தான் கண்டெடுப்பார்கள். பழைய உத்திதான், ஆனாலும் வேலை செய்யும். ஒரே ஒரு கோளாறு உண்டு. கைதியிடம் ஆயுதம் இருக்காது, முதல் சண்டையில் வெறுங்கையோடு நிற்பார். அவருடைய உடைமைகள் இருக்கும் பெட்டியை அதே அறையில் வைத்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி, இதே வேலைக்காக வந்து அழிந்துபோன இன்னொரு குழுவில் மிஞ்சிய ஒரே ஆள். அவரிடம் வரைபடத்தின் மறுபாதி இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்திருப்பார், பழிவாங்கக் காரணமும் இருக்கும். பிடிமானம் மூன்றில் இரண்டு அப்போதே கைக்கு வந்துவிட்டது.

"குழு புதியவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது, விசாரணை முடியவே இல்லை"

அடிக்கடி வரும் புகார் இதுதான். காட்சி கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

"நீ யார்? இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை?"

"அதை ஏன் உன்னிடம் சொல்ல வேண்டும்?"

"சரி, இவன் கைகளைக் கட்டுங்கள்."

அதற்குப் பிறகு ஒருவர் பொய் கண்டுபிடிக்கும் பகடையை உருட்டுவார், இன்னொருவர் பையைச் சோதிப்பார், கிளெரிக் (குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த பூசாரி) மந்திரம் போட்டுப் பார்ப்பார். நண்பர் ஒருவர் ஆசை ஆசையாகச் செய்து எடுத்துவந்த பாத்திரம், தன் முதல் மாலை முழுவதையும் மரத்தில் கட்டுண்டு கழிக்கும். இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆபத்தான காட்டில் முன்பின் தெரியாத ஆயுததாரியை நம்பாமல் இருப்பது புத்திசாலித்தனம். எல்லோரும் தத்தம் பாத்திரத்துக்கு நேர்மையாகத்தான் ஆடுகிறார்கள். அதனால்தான் ஆட்டத்துக்குள்ளேயே இருந்துகொண்டு இதைத் தீர்க்க முடிவதில்லை. புதியவர் எவ்வளவு நன்றாக விளக்கினாலும், "இவ்வளவு நன்றாகப் பேசுகிறானே" என்று சந்தேகம் இன்னும் கூடும்.

ஆட்டத்தை நிறுத்துங்கள். "கதாபாத்திரங்களை ஒரு நிமிடம் ஓரமாக வைப்போம். இவர் குழுவில் சேரப்போகிறார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எப்படி என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம்" என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்து, புதியவரிடம் கேட்காமல் பழைய ஆட்டக்காரர் ஒருவரிடம் கேளுங்கள்: "உங்கள் ஃபைட்டர் இவரை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறார். எங்கே?"

அவர் சற்று யோசித்து, "நான் பாலத்தில் சுங்கம் வசூலித்த காலத்தில் இவன் மூன்று குதிரைகளை என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கடத்தினான்" என்பார். எதிரே இருப்பவர் சும்மா இருக்கமாட்டார். "இரண்டுதான். மூன்றாவது உன்னுடையது, நீயே விற்றாய்." மேசை சிரிக்கும். கட்டு தானாக அவிழும்.

இது வேலை செய்யக் காரணம் எளிது. தன் வாயால் சொன்னதை யாரும் சந்தேகிப்பதில்லை. உறவைக் கேம் மாஸ்டர் அறிவித்தால் அது தகவல்; பழைய ஆட்டக்காரர் இட்டுக்கட்டினால் அது அவர் பாத்திரத்தின் வரலாறு. கேள்வியின் அமைப்பிலும் கவனம் வேண்டும். "எங்கே பார்த்தீர்கள்?", "இவர் உங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?", "இவரிடம் நீங்கள் சொல்லாமல் மறைப்பது என்ன?" இவையெல்லாம் உறவு இருக்கிறது என்ற அடித்தளத்தில் நிற்கும் கேள்விகள். "இவரை நம்புகிறீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்ற பதிலை நீங்களே கையில் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

உறவு நல்லுறவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தீராத கணக்கு ஒன்று இருந்தால் அடுத்த பத்து அமர்வுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். கழுத்தை அறுக்கும் அளவுக்குப் பகை வேண்டாம், அவ்வளவுதான்.

"மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மர்ம மனிதர்"

மேலே சொன்னதன் மறுபக்கம். இங்கே குழு தயாராகத்தான் இருக்கிறது, புதியவர்தான் முகமூடியைக் கழற்ற மறுக்கிறார். பாத்திரத்தை உருவாக்கும்போதே ஆட்டக்காரரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: ரகசியம் இருக்கலாம், ஆனால் குழுவோடு போவதற்கான காரணம் ரகசியமாக இருக்கக் கூடாது. அந்தக் காரணத்தை முதல் அமர்விலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தன் பாத்திரம் இந்தக் குழுவோடு போகவே போகாது என்று ஆட்டக்காரர் அடம்பிடித்தால், அந்தப் பாத்திரத்தைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டுப் போகக்கூடிய ஒருவரைச் செய்துவரச் சொல்லுங்கள்.

"வந்த முதல் சண்டையிலேயே விழுந்துவிடுகிறார்"

புதியவரை லெவல் 1இல் தொடங்கவைக்கும் மேசைகள் இன்னும் இருக்கின்றன. "நாங்களெல்லாம் அடிமட்டத்திலிருந்துதானே வந்தோம்" என்ற நியாயம் கேட்க நன்றாக இருக்கும். கணக்கைப் பாருங்கள்.

மற்றவர்கள் லெவல் 5 என்று வைத்துக்கொள்வோம். புதிய விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) உடல்வலு கூட்டல் 2 என்றால், லெவல் 1இல் ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 8. லெவல் 5 ஃபைட்டருக்கு அதே உடல்வலுவோடு, சராசரிக் கணக்கில், 44. லெவல் 5 குழுவுக்கு எதிரே ஃபயர்பால் என்ற நெருப்புக் கோள மந்திரத்தை வீசும் எதிரி வருவது சாதாரணம். எட்டு ஆறுபக்கப் பகடை உருட்டினால் சராசரிச் சேதம் 28. ஃபைட்டர் முகம் சுளித்துவிட்டு நிற்பார். விஸார்டுக்கோ, பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் மிஞ்சும் சேதம் 20. மிஞ்சிய சேதம் ஒருவருடைய உச்ச ஹிட் பாயின்ட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் டெத் சேவ்கூடக் கிடையாது, உடனடி மரணம். அதாவது ஒரே அடியில் 16 விழுந்தாலே அவர் கதை முடிந்தது.

லெவல் 1 தொடக்கத்தை ஆதரிப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவப் புள்ளிகளைச் சமமாகப் பங்கிடும் மேசையில் புதியவர் வேகமாக ஏறுவார். லெவல் 5 தொடங்குவது 6,500 புள்ளியில், லெவல் 6 தொடங்குவது 14,000 புள்ளியில். குழு அந்த ஒரு படியை ஏற 7,500 புள்ளி சேர்க்கும்போது, பூஜ்யத்தில் தொடங்கியவரும் அதே 7,500ஐப் பெற்று லெவல் 5க்கு வந்துவிடுவார். கணக்கு சரி. அதுவரை உயிரோடு இருந்தால்.

குழுவின் லெவலிலேயே தொடங்கவிடுங்கள். "செத்ததற்குத் தண்டனை வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பிடித்த பாத்திரத்தை இழந்ததே தண்டனை. மனம் ஒப்பவில்லையென்றால் ஒரு லெவல் குறையுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள், குறிப்பாக லெவல் 5 என்ற எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குழுவைப் பிரிக்காதீர்கள். ஃபைட்டருக்கு இரண்டாவது அடியும் விஸார்டுக்கு மூன்றாம் நிலை மந்திரமும் கிடைப்பது அந்த லெவலில்தான்.

கால் ஆஃப் கத்துலு என்ற திகில் விளையாட்டைப் போல லெவலே இல்லாத விளையாட்டுகளில் இந்தக் கோளாறு எழுவதில்லை. புதிய துப்பறிவாளர் பழையவர்களுக்குச் சற்றேறக்குறையச் சமமாகவே நிற்பார். எல்லோரும் எளிதில் சாகக்கூடியவர்கள்தானே.

"புதியவர் வந்ததும் குழுவின் செல்வம் இரட்டிப்பாகிவிட்டது"

இறந்தவரின் மந்திர வாளைக் குழு எடுத்துக்கொண்டது. புதியவரும் தன் லெவலுக்கு ஏற்ற உடைமைகளோடு வந்தார். இரண்டு மரணத்துக்குப் பிறகு குழு ஒரு நடமாடும் ஆயுதக் கிடங்கு. சாவு லாபகரமான தொழில் என்பதை ஆட்டக்காரர்கள் சீக்கிரமே கவனித்துவிடுவார்கள்.

இரண்டில் ஒன்றுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதியவர் முழு உடைமையோடு வந்தால், பழையவரின் பொருட்கள் அவரோடு புதையும், அல்லது குடும்பத்துக்குப் போகும். பழைய பொருட்கள் குழுவிலேயே தங்கினால், புதியவர் எளிய உடைமையோடு வந்து அவற்றில் பங்கு பெறுவார். எனக்கு இரண்டாவது பிடிக்கும். இறந்தவரின் வாளை எல்லோர் முன்னாலும் புதியவர் கையில் கொடுக்கும் காட்சிக்கு ஈடாக எந்த வரவேற்பையும் எழுத முடியாது. எவ்வளவு கொடுப்பது என்று தெரியாவிட்டால், ஐந்தாம் பதிப்பின் 2014 கேம் மாஸ்டர் கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது: லெவல் 5 முதல் 10 வரை வழக்கமான தொடக்க உடைமையோடு 500 தங்கக் காசும், பத்துப்பக்கப் பகடை எண்ணை 25ஆல் பெருக்கி வருவதும். 525க்கும் 750க்கும் இடையில் ஏதோ ஒன்று. தாராளமான மேசைகளுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். உங்கள் குழு சேர்த்ததை ஒருமுறை எண்ணிப் பார்த்துக் கூட்டுங்கள்.

"பழைய ஆளே வேறு பெயரில் வந்திருக்கிறார்"

இரட்டைச் சகோதரர். அதே வகுப்பு (ஃபைட்டர், விஸார்டு போன்ற வகை), அதே கோடாரி, அதே கெட்ட வார்த்தை. இதைக் கேலி செய்யும் முன் ஆட்டக்காரர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் அந்தப் பாத்திரத்தோடு இன்னும் ஆடி முடிக்கவில்லை. அப்படியானால் முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். எழுப்ப வழி இருக்கிறதா, அதையே குழுவின் அடுத்த பயணமாக்க முடியுமா?

முடியாதென்றால் சகோதரர் வரட்டும். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், அதுவும் சண்டை போடும் விதத்தில் அல்லாமல் ஆசையில். அண்ணன் புகழுக்காகச் சண்டை போட்டவர் என்றால், தம்பி அண்ணனை இந்தப் பாதையில் இழுத்துவிட்ட குழுவின் மேல் கோபத்தோடு வருபவர். கோடாரி அதேதான், கதை வேறு. 1985இல் வந்த பெண்ட்ராகன் விளையாட்டு இதையே முறையாக்கி வைத்திருக்கிறது: வீரர் இறந்தால் அவருடைய வாரிசு குதிரையில் ஏறுவார். அங்கே யாரும் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை.

"இறந்தவரோடு கதையும் செத்துவிட்டது"

காணாமல்போன தம்பியைத் தேடிக்கொண்டிருந்த கிளெரிக் இறந்துவிட்டார். தம்பியைப் பற்றி இனி யாருக்கும் கவலை இல்லை. நீங்கள் ஆறு மாதமாகப் பின்னிய நூல் அறுந்து தொங்குகிறது. இந்த இடத்தில் பலர் செய்வது, அந்த நூலை அப்படியே புதியவர் கழுத்தில் கட்டுவது: புதியவரும் அதே தம்பியைத் தேடுகிறாராம்! ஒட்டாது. புதியவர் தனக்கென்று ஓர் ஆசையோடு வந்திருக்கிறார். செத்தவரின் சுமையைத் தூக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நூலைப் பழையவர்களிடம் கொடுங்கள். தம்பி தானாகவே வந்து சேரட்டும். அக்கா இந்தக் குழுவோடு இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடி வந்திருக்கிறார். விடுதி வாசலில் நின்று, "அக்கா உள்ளே இருக்கிறாரா?" என்று கேட்கிறார். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேச வேண்டாம். யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்த அமர்வில் புதியவருக்கும் நல்ல வேலை உண்டு. அந்தச் சாவைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான், ஆகவே தம்பி அவரிடம்தான் உண்மையைக் கேட்பார்.

எதிரிகளைக் கைமாற்றுவது சுலபம், யாரைக் கொன்றாலும் குழுவுக்கே பகை. இறந்தவர் யாருக்கோ கொடுத்த வாக்கும் அப்படித்தான். வாக்குப் பெற்றவர் வந்து குழுவிடம் கேட்கலாம். கைமாறாதவை ரகசியங்கள். "அவர்தான் தொலைந்துபோன இளவரசர்" என்று கடைசியில் உடைக்க வைத்திருந்தீர்கள் என்றால், விட்டுவிடுங்கள். அல்லது இளவரசர் இல்லாத அரியணைக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள், அது இன்னும் மோசமான செய்தியாக இருக்கலாம்.

பிளேட்ஸ் இன் த டார்க் என்ற திருட்டுக் கும்பல் விளையாட்டை ஆடுபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே நான்காவது மனக்காயம் விழுந்தவர் தொழிலை விட்டே போய்விடுவார். ஆனால் புகழ், ஆளும் பகுதி, பகை எல்லாம் கூட்டாளிகள் குழுவின் தனித் தாளில் எழுதப்பட்டிருப்பதால் அப்படியே நிற்கும். வேறு விளையாட்டு ஆடினாலும் இப்படி ஒரு தாளைப் போட்டு வைக்க யார் தடுக்கப்போகிறார்கள்?

"பாத்திரத்துக்கு எதுவும் தெரியாது, ஆட்டக்காரருக்கு எல்லாம் தெரியும்"

நடந்ததையெல்லாம் புதியவருக்குக் காட்சியாக விளக்க வேண்டாம். "வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் தாண்டுங்கள். எதையாவது மறைக்க விரும்பும் பாத்திரம் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கால் ஆஃப் கத்துலு இதற்கு விதிவிலக்கு. அங்கே அறியாமையே கவசம். ஒருவரின் மனநலப் புள்ளியின் உச்சவரம்பு 99இலிருந்து அவருடைய கத்துலு மித்தோஸ் திறனை (அமானுஷ்ய பயங்கரங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவை) கழித்து வருவது. எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு குறையும். பழையவர்கள் தங்களுக்குத் தெரிந்ததில் எதைப் புதியவரிடம் சொல்வது, எதைச் சொல்லாமல் காப்பாற்றுவது என்று தயங்குவதே நல்ல ஆட்டம். அங்கே அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

"செத்தவர் குணப்படுத்துபவர், புதியவர் இன்னொரு வில்லாளி"

யாரையும் கிளெரிக் ஆட வற்புறுத்தாதீர்கள். மருந்துக் குப்பிகளைக் கதையில் தாராளமாக்குங்கள், அல்லது ஓரளவு குணப்படுத்தத் தெரிந்த கூலிக்காரரை விலைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். குழு தன் சண்டை முறையை மாற்றிக்கொள்ளும்.

"மூன்றாவது பாத்திரமும் செத்தது, நான்காவதற்குப் பெயர்கூட வைக்கவில்லை"

பாரநோயா என்ற விளையாட்டு 1984இல் வந்தபோதே ஒவ்வொருவருக்கும் ஆறு நகல் உடல்களைக் கொடுத்துவிட்டது. ஒன்று வெடித்தால் அடுத்தது வந்து சேரும், எல்லோரும் சிரிப்பார்கள். அங்கே சாவு நகைச்சுவை. உங்கள் மேசை அதற்காகக் கூடவில்லையென்றால், பெயரில்லாத பாத்திரத் தாள் எச்சரிக்கை மணி. அடுத்ததும் போய்விடும், எதற்கு மனதைக் கொடுப்பது என்று ஆட்டக்காரர் முடிவு செய்துவிட்டார்.

கடைசி மூன்று மரணங்களை எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் அவர் தனியாக முன்னால் போனாரா? அப்படியானால் அவரிடம் பேச வேண்டும். மூன்றிலும் மற்றவர்கள் பின்வாங்கியபோது அவர் மட்டும் சிக்கினாரா? அப்படியானால் குழுவிடம் பேச வேண்டும். பகடைதான் சதி செய்தது என்றால் சண்டையின் கடினத்தைக் குறையுங்கள். அது கேம் மாஸ்டரின் கையில் இருக்கிறது.

நான்காவது பாத்திரத்தைப் புதிதாகச் செய்யாமல், கதையில் ஏற்கெனவே எல்லோருக்கும் பிடித்த ஒருவரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: நெடுங்காலமாகக் குழுவின் வண்டியை ஓட்டும் கிழவர், இரண்டு முறை உயிரைக் காப்பாற்றிய நகரக் காவலர். அவரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம், விசாரிக்க வேண்டாம். பெயர் இருக்கிறது, குரல் இருக்கிறது, குழுவோடு பழகிய காலம் இருக்கிறது. ஆட்டக்காரரோடு உட்கார்ந்து குழுவின் லெவலுக்குப் பாத்திரத் தாளை நிரப்புங்கள். அந்த ஆளைப் பற்றி உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் ரகசியங்களையும் மிச்சம் வைக்காமல் அவரிடம் ஒப்படையுங்கள். முதல் அமர்வில் கிழவர் இதுவரை பேசாத விதத்தில் பேசினால் திருத்தப் போகாதீர்கள். இனி அவர் உங்களுடையவர் இல்லை.